கேள்வி – பதில்: ஆக்சல் ஃபோலிக்கு வேறு ஆளே கிடையாதா?

கேள்வி: 'பெவர்லி ஹில்ஸ் காப்' நான்காம் பாகத்தை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய எடி மர்ஃபியை, ஆக்சல் ஃபோலி என்ற போலீஸ்காரராக இன்னும் ஓடவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டுமா? இளம் நடிகர் ஒருவரைப் போட்டிருக்கலாமே?

பதில்: போட்டுப் பார்த்தார்களே! 2013-இல் ஃபோலியின் மகனாக பிராண்டன் டி. ஜாக்சனை நடிக்கவைத்து, டிவி தொடருக்காக மாதிரிக்கு ஒரு பைலட் எபிசோட் எடுத்தார்கள். மர்ஃபியும் அதில் தலைகாட்டினார். சிபிஎஸ் சேனல் வேண்டாம் என்றுவிட்டது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முதல் பாகத்தில் வரும் ஹோட்டல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரூம் புக் செய்யாமல், கசங்கிய உடையோடு பெவர்லி ஹில்ஸின் பணக்கார ஹோட்டலுக்குள் நுழையும் டெட்ராய்ட் போலீஸ்காரர், தான் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் நிருபர், மைக்கேல் ஜாக்சனைப் பேட்டியெடுக்க வந்திருக்கிறேன் என்று கூசாமல் அளந்துவிட்டு, கறுப்பன் என்பதால்தானே ரூம் இல்லை என்கிறீர்கள் என்று லாபியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்த ஆரம்பிப்பார். சாதாரண ரூம் வாடகைக்கே பெரிய சூட் கிடைத்துவிடும். துப்பு துலக்குவதும் பெரும்பாலும் இந்த வாயை வைத்துத்தான். வேறு ஒருவரிடம் அதே வசனத்தைக் கொடுத்தால் செக்யூரிட்டி வெளியே தள்ளிவிட்டிருப்பார். அப்புறம், நான்காம் பாகத்தில் ஓட இளைஞர் இல்லாமல் இல்லை, ஜோசஃப் கார்டன் லெவிட் இருக்கிறார்.

கேள்வி: ஃபோலி வேடத்தில் முதலில் சில்வஸ்டர் ஸ்டாலோன்தான் நடிக்க இருந்தாராமே?

பதில்: ஆமாம். கதையைத் தானே திருத்தி எழுதி, காமெடியைத் துடைத்தெடுத்து, அடிதடிப் படமாக்கிவிட்டார். செலவு எகிறியது, ஷூட்டிங் நெருங்கிய நேரத்தில் விலகினார். அவசரமாக உள்ளே வந்தவர் மர்ஃபி, அப்போது அவருக்கு வயது 23! ஸ்டாலோன் தன் யோசனைகளை 1986-இல் வந்த தன் 'கோப்ரா' படத்துக்குக் கொண்டுபோனார். எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று ('கோப்ரா' பார்த்தவர்களைத் தவிர).

கேள்வி: மர்ஃபிதான் எல்லாம் என்றால், அவரே நடித்த மூன்றாம் பாகம் ஏன் ஊற்றிக்கொண்டது?

பதில்: சரியான கேள்வி. 1994-இல் அந்தப் படம் வந்தபோது மர்ஃபிக்குக் கோமாளித்தனம் அலுத்துவிட்டிருந்தது, ஃபோலி இப்போது வளர்ந்த ஆள் என்று சொல்லி ஜோக்குகளை ஒதுக்கினார் என இயக்குநர் ஜான் லேண்டிஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆள் அதே ஆள்தான், ஆனால் வாயை மூடிக்கொண்டால் ஃபோலி எங்கே இருக்கிறார்? போதாததற்கு, அவர் அடிக்கும் கூத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் சார்ஜன்ட் டேகர்ட்டும் அதில் இல்லை. டேகர்ட்டாக நடித்த ஜான் ஆஷ்டனின் அந்தக் கடுகடு முகம்தான் மர்ஃபியின் பாதி ஜோக்குகளுக்கு உயிர் கொடுத்தது, டேகர்ட்டின் கூட்டாளி போலீஸாக வரும் நடிகர் ஜட்ஜ் ரைன்ஹோல்ட் தனியாக என்ன செய்வார், பாவம்.

2024-இல் வந்த நான்காம் பாகம் ஆஷ்டனைத் திரும்பக் கூட்டிவந்ததால்தான் எனக்கு ஓரளவு பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டார். ஐந்தாம் பாகம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. எடுத்தால், மர்ஃபியை ஓடவிடாமல் உட்காரவைத்துப் பேசவிடட்டும், எதிரே சிரிக்கவே தெரியாத ஒருவரைத் தேடிப் போடட்டும். இளம் ஹீரோ தேடுவதைவிட அதுதான் இப்போது கஷ்டமான வேலை.