பயோடேட்டா கேள்வி-பதில்: வயலில் செய்த வேலையை ஏன் மறைக்கிறீர்கள்?

இந்த முறை கடிதங்கள் அதிகம். பாதிப் பேர் என்ன படித்தார்கள், எந்த வேலைக்குப் போடுகிறார்கள் என்றே எழுதவில்லை. அவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்கலாம்? (கும்பகோணம்)

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம். பத்து வருஷ அனுபவம் இருந்தால் இரண்டு.

ஆதார் எண், சாதி, மதம் எல்லாம் போட வேண்டுமா? (மயிலாடுதுறை)

தனியார் வேலைக்கு வேண்டாம். ஆதாரை வேலையில் சேரும்போது கேட்டால் கொடுங்கள். முகம் தெரியாதவருக்குப் போகிற காகிதத்தில் எழுதாதீர்கள். அரசு விண்ணப்பம் வேறு, அதில் கேட்டதையெல்லாம் நிரப்பத்தான் வேண்டும்.

பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாததால் வயலைப் பார்த்துக்கொண்டேன். இப்போது கணக்கர் வேலைக்குப் போடுகிறேன். இந்த இடைவெளியை எப்படி மறைப்பது? (மன்னார்குடி)

மறைக்காதீர்கள் தம்பி. நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தவறு இது, எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. பொழுதுபோக்கு என்று கிரிக்கெட்டை எழுதுவார்கள். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டு நாற்று விட்டதை எழுத மாட்டார்கள். நேர்காணலில் பேச்சுக் கொடுத்தால்தான் வெளியே வரும். நேர்காணல் வரைக்கும் போகாத பிள்ளைகளுடையது வராமலே போய்விடும்.

உங்கள் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது. ஆறு ஏக்கர், குறுவையும் சம்பாவும். நடவுக் கூலி, உரக்கடை பாக்கி, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் ஒரே நோட்டில். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று நெல்லை நிறுத்திவிட, இரண்டு நாள் தார்ப்பாயில் காயவைத்து, 40 கிலோ மூட்டையாகப் போட்டு, பணம் வங்கியில் ஏறும்வரை ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள். இது கணக்கு வேலை இல்லாமல் வேறென்ன? இப்படி எழுதுங்கள்:

"குடும்ப விவசாயம், 6 ஏக்கர், 2 ஆண்டு. கூலி, இடுபொருள் வரவு செலவுக் கணக்கு. சம்பாவில் சுமார் 350 மூட்டை விற்பனை. ரசீது, வங்கி வரவு சரிபார்ப்பு. கூட்டுறவுப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டு ஆவணங்கள்."

எண் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் செய்யாததைச் சேர்க்காதீர்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியாவிட்டால் தெரியும் என்று எழுத வேண்டாம். உட்காரவைத்து ஒரு பதிவு போடச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கவரிங் லெட்டர் மாதிரி ஒன்று அனுப்பவும். (திருவாரூர்)

அனுப்ப மாட்டேன். போன வருஷம் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அதே கடிதம், அதே எழுத்துப்பிழையோடு, நான்கு பேர் பெயரில் என்னிடமே திருத்தத்துக்கு வந்தது. எந்த வேலை, அதற்குப் பொருந்துகிற மாதிரி நீங்கள் செய்த ஒரு காரியம், எப்போது சேர முடியும். இந்த மூன்றையும் உங்கள் வார்த்தையில் பதினைந்து வரிக்குள் எழுதுங்கள். அப்புறம், கம்பெனி பெயரை மாற்றினீர்களா என்று அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.

தமிழில் அடித்த பயோடேட்டா அங்கே திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம். (நாகப்பட்டினம்)

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அது இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கச் சொல்லுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள், 'நியூ ஃபைனல் 2' வேண்டாம்.

இரண்டு அரியர் இருக்கிறது. சொல்ல வேண்டுமா? (பட்டுக்கோட்டை)

ஆம். எப்போது எழுதப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து ஒரே வரியில்.

இருபது இடத்துக்கு அனுப்பிவிட்டேன், ஒரு அழைப்புகூட இல்லை. (தஞ்சாவூர்)

இணைத்திருந்ததைப் பார்த்தேன். போன் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, மெயில் முகவரி பிரவுசிங் சென்டருடையது. இரண்டையும் திருத்தி, அந்த இருபது இடத்துக்கும் மறுபடி அனுப்புங்கள்.