சலுகை நாளில் சைட் படுக்காமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாதம் பெரிய தள்ளுபடி அறிவிக்கிறோம். சர்வரை இரண்டு மடங்காக்கினால் போதுமா சார்?

முதலில் ஒரு கணக்கு. 3 லட்சம் பேருக்கு ஒரே நொடியில் நோட்டிஃபிகேஷன் போகிறது, 5 சதவீதம் பேர் முதல் இரண்டு நிமிடத்தில் தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15,000 பேர், அதாவது நொடிக்கு 125 பேர். ஒருவருக்கு டேட்டாபேஸ் இணைப்பு 0.2 நொடி தேவை என்றால், எந்த நேரமும் 25 இணைப்புகள் பிடிபட்டிருக்கும். நெரிசலில் அதே வேலை 0.8 நொடி இழுத்தால் 100. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எந்த மாற்றமும் செய்யாமல் அனுமதிப்பதே 100 இணைப்புதான்.

இந்த நிலையில் வெப் சர்வரை மட்டும் இரண்டு மடங்காக்கினால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இணைப்பு கேட்டு டேட்டாபேஸை இன்னும் சீக்கிரம் திணறடிக்கும். நடுவில் பிஜிபவுன்சர் போல, சில இணைப்புகளையே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஒரு பூலரை வையுங்கள், டேட்டாபேஸிடம் கேட்கும் மெதுவான குவெரிகளைச் சரிசெய்யுங்கள். இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. நோட்டிஃபிகேஷனை 20 நிமிடத்துக்குப் பிரித்து அனுப்பச் சொல்லி மார்க்கெட்டிங் ஆட்களிடம் கேளுங்கள். நொடிக்கு 125 என்பது 13-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஏனோ இதை யாரும் கேட்பதே இல்லை.

கேள்வி: சிடிஎன் (நம் சர்வருக்குப் பதிலாகப் பக்கங்களின் நகலைக் கொடுக்கும் சேவை) இருக்கிறது, சாதாரண நாளில் பிரச்சினையே இல்லை. விளம்பரம் போன உடனே மட்டும் சைட் படுத்துவிடுகிறது. ஏன்?

விளம்பர லிங்கின் வாலைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் எந்த விளம்பரம் என்று சொல்லும் யுடிஎம் குறிகளும், விளம்பரத் தளம் ஒட்டிவிடும் கிளிக் ஐடியும் இருக்கும். கிளிக் ஐடி ஒவ்வொரு கிளிக்குக்கும் வேறு. முகவரி முழுவதையும் கேஷ் கீயாக, அதாவது சேமித்த நகலைத் தேடும் அடையாளமாக, எடுத்துக்கொள்ளும்படி சிடிஎன் இருந்தால், ஒரே பக்கம் அதன் கண்ணுக்கு ஆயிரம் பக்கம். எல்லாமே நகல் கிடைக்காமல் (கேஷ் மிஸ்) நேராக உங்கள் சர்வருக்கு வரும். விளம்பர லிங்க் ஒன்றைத் திறந்து, கிளிக் ஐடியில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி திறந்து, பதிலோடு வரும் ரெஸ்பான்ஸ் ஹெட்டரைப் பாருங்கள். இரண்டாவது முறையும் 'மிஸ்' என்று வந்தால் இதுதான் கோளாறு.

அந்தக் குறிகளைக் கேஷ் கீயிலிருந்து விலக்கிவிடுங்கள். பிரவுசரில் ஓடும் அனலிடிக்ஸ் முகவரிப் பட்டியிலிருந்தே அவற்றைப் படித்துக்கொள்ளும், கணக்கு கெடாது.

கேள்வி: கூட்டத்துக்கு ஏற்ப மெஷின்களைத் தானே கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் போட்டுவிட்டோமே?

புது மெஷின் எழுந்து வேலைக்கு வர நிமிடங்கள் ஆகும், கூட்டம் நொடிகளில் வந்துவிடும். சலுகை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மெஷின் எண்ணிக்கையைக் கையால் ஏற்றி வையுங்கள். உங்கள் கிளவுட் கணக்கின் கோட்டா அத்தனை மெஷின்களுக்கு இடம் தருகிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: ஸ்டாக் 50. ஆர்டர் 63 விழுந்துவிட்டது. எப்படித் தடுப்பது?

'இருப்பு எவ்வளவு?' என்று படித்துவிட்டு, அப்புறம் தனியாக ஒன்றைக் குறைக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் பத்து பேர் அதே கடைசிப் பொருளைப் பார்த்துவிடுவார்கள். 'இருப்பு 0-க்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை' என்று ஒரே அப்டேட்டாக எழுதுங்கள். டேட்டாபேஸில் எந்தப் பதிவும் (ரோ) மாறவில்லை என்று பதில் வந்தால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று பொருள். செக்அவுட்டுக்கு வந்தவருக்குப் பத்து நிமிடம் பிடித்து வைத்து, பணம் வராவிட்டால் விடுவிக்கலாம். பணம் கட்டும் பட்டனை ஒருவர் இரண்டு முறை தட்டுவார் என்றே எண்ணி, ஒரே ஆர்டருக்கான எல்லாத் தட்டல்களுக்கும் ஒரே ஐடெம்போடென்சி கீயை (இது அதே கோரிக்கைதான் என்று காட்டும் அடையாளம்) அனுப்புங்கள்.

கேள்வி: லோடு டெஸ்ட் (செயற்கைக் கூட்டத்தை அனுப்பிச் சோதிப்பது) செய்தோம், எல்லாம் பச்சை. நம்பலாமா?

முகப்புப் பக்கத்தை மட்டும் அடித்திருந்தால் நம்பாதீர்கள். அதை எப்படியும் கேஷ் பார்த்துக்கொள்ளும். தேடல், கார்ட், கூப்பன், செக்அவுட் என்று ஆட்கள் போகிற வழியிலேயே ஜேமீட்டர், லோகஸ்ட் போன்ற சோதனைக் கருவியை ஓடவிடுங்கள். பேமென்ட் கேட்வேயையும் ஓடிபி அனுப்புபவரையும் நிஜ லோடால் அடிக்காதீர்கள். நொடிக்கு எத்தனை கோரிக்கை அனுமதி என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அத்தனையும் செய்த பிறகும் தாங்கவில்லை என்றால்?

பரிந்துரைகள், ரிவ்யூ, தேடல் யோசனைகள் எல்லாவற்றுக்கும் அணைக்கும் ஸ்விட்ச் முன்பே இருக்கட்டும். அதுவும் போதாவிட்டால் புதிதாக வருபவர்களைக் காத்திருப்பு வரிசைக்கு அனுப்புங்கள். செக்அவுட்டில் நிற்பவர்களைத் தொடாதீர்கள். அந்த வரிசைப் பக்கம் உங்கள் சர்வரில் இல்லாமல் சிடிஎன்னிலேயே இருக்க வேண்டும். ஸ்விட்சைப் போடப்போவது யார், அவருக்கு அட்மின் அனுமதி இருக்கிறதா என்பதை முந்தின நாளே லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.