மிச்சமான பயண நேரம் யார் கணக்கில்?

கேள்வி: வீட்டிலிருந்து பார்த்தால் வேலை ஓடாது என்கிறார் எங்கள் மேலாளர். பயண அலைச்சல் இல்லாததால் கூடுதலாகவே ஓடுகிறது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: கூடுதல் என்கிறீர்களே, மணிக்கா, நாளுக்கா? அதைச் சொல்லாதவரை இந்த வழக்கு தீராது.

சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப் 2010-ல் தன் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கவிட்டது. ஒன்பது மாதச் சோதனை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவின் ஆய்வு. வேலை 13% கூடியது. உங்களைப் போன்றவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். உடைத்துப் பாருங்கள்: அதில் 9%, இடைவேளையும் விடுப்பும் குறைந்து அதிக நிமிடம் உழைத்ததால் வந்தது. நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியது 4% மட்டுமே. அதுவும் தனி அறையும் ஆறு மாத அனுபவமும் உள்ளவர்களிடம்.

மேலாளர் பக்கமும் ஒரு சான்று இருக்கிறது. சென்னையில் டேட்டா என்ட்ரிக்குப் புதிதாக எடுத்தவர்களிடம் நடந்த சோதனையில், வீட்டிலிருந்தவர்களின் வேலை 18% குறைவு. பெரும்பகுதி முதல் நாளிலேயே தெரிந்தது. மிச்சம், அலுவலகத்தில் இருந்தவர்கள் சீக்கிரம் தேறியதால். புது ஆளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு பயிற்சிக்கூடம்.

இனி உங்கள் கணக்கு. பத்து வேலைநாள் எழுதுங்கள்: உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், முடித்த வேலை, திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. இரவு பத்து மணிக்குப் போனில் பதில் போட்டதும் நேரத்தில் சேரும். வீட்டு நாளுக்கும் அலுவலக நாளுக்கும் தனித்தனியாக, திரும்பி வந்ததைக் கழித்து, மொத்த மணியால் வகுங்கள். ஒரே வகை வேலையை மட்டும் ஒப்பிடுங்கள். வீட்டு நாளுக்கென்று எளிய வேலையை ஒதுக்கிவைத்தால் விடை பொய்யாகும். அனுப்பிய மின்னஞ்சலை எண்ணாதீர்கள், அது வேலை நடந்ததற்குச் சாட்சியில்லை. பயணக் களைப்பு காலையின் முதல் மணி நேரத்தைத் தின்கிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

27 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் வீட்டு நாளில் மிச்சமான பயண நேரம் சராசரி 72 நிமிடம். அதில் 40% மறுபடி வேலைக்கே போயிருக்கிறது. கிட்டத்தட்ட அரை மணி. உங்கள் 'கூடுதல்' அந்த அரை மணிதான் என்றால், அது திறமை அல்ல, கூலியில்லா ஓவர்டைம்.

மேலாளரிடம் ஒன்று கேளுங்கள்: எல்லோரையும் வரவழைத்துவிட்டு, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி வீடியோ கூட்டத்தில் உட்காரவைக்கிறாரா? அப்படியானால் அந்த நாளின் பயணம் தண்டம். குழு முழுவதும் ஒரே நாளில் வந்து, முகம் பார்த்துப் பேசவேண்டியதை அன்றைக்கே முடிக்கட்டும்.