ஆவி மேக வெடிப்பு என்றால் என்ன?

எளிதில் தீப்பற்றும் திரவம் கசிந்து, ஆவியாகிக் காற்றுடன் கலந்து, மேகம்போல் பரவியபின் தீப்பொறி பட்டு ஒரே வீச்சில் எரிவதையே ஆவி மேக வெடிப்பு என்கிறோம். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் 28 பேரைப் பலிகொண்டது இதுவே. விரிசல் கண்ட ஐந்தாம் உலைக்கலனை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் இணைக்கப் பொருத்திய தற்காலிகக் குழாய் (பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்ததுதான் அதன் வரைபடம்!) பிய்த்துக்கொண்டது. சாதாரணமாக 81 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் சைக்ளோஹெக்சேன் (கலன்களில் இருந்த, எளிதில் தீப்பற்றும் திரவம்), அழுத்தத்தின் காரணமாக அங்கே சுமார் 155 டிகிரியிலும் திரவமாகவே இருந்தது. ஆவி அடங்குமுன் குக்கரைத் திறந்தால் உள்ளிருப்பது சீறிக்கொண்டு வெளியேறுமே, அதேபோலத்தான், ஆனால் டன் கணக்கில். கட்டுப்பாட்டு அறையில் மட்டும் 18 பேர் மாண்டனர். உலைக்கலனே வெடித்தது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வெடித்தது கலனுக்கு வெளியே, காற்றில் கலந்திருந்த ஆவி.