பாளையங்கோட்டை பி.காம். சிங்கப்பூரில் செல்லுமா?

தம்பி, பேங்க்கில் மேலே இருப்பவர்களின் படிப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துச் சிங்கப்பூர் வந்தவன் எதுவரை போக முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரிப் பெயர் நேரடியாகக் கணக்கில் வரும் இடம் வேலை அனுமதிதான். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற அந்த அனுமதிக்கு, சம்பளம், படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போடும் காம்பஸ் முறையில் 40 புள்ளி வேண்டும். படிப்புக்கென்று முன்னணிப் பல்கலைக்கழகமானால் 20, மற்ற பட்டங்களுக்கு 10. அதைத் தாண்டித்தானே வந்திருக்கிறீர்கள்? பாஸைப் புதுப்பிக்கும்போதும் இதே கணக்குதான். வயதுக்கேற்றபடி சம்பளம் ஏறாவிட்டால் அங்கே புள்ளி குறையும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

மற்றபடி, பெரிய அதிகாரிகளின் பின்னணியில் படிப்பு ஒரு வரி. அதற்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியை 2009 முதல் 2025 வரை நடத்திய பியூஷ் குப்தா ஐஐஎம் ஆமதாபாத்காரர்தான். ஆனால் 1982-இல் சிட்டிபேங்க்கில் பயிற்சியாளராகச் சேர்ந்து, இந்தோனேசியா, மலேசியா என்று நாடு மாறி மாறிப் பொறுப்பு பார்த்தவர். நடுவே வேலையை விட்டு இணைய நிறுவனம் தொடங்கினார். அது ஓடவில்லை, சிட்டிக்கே திரும்பினார். அவருக்குப் பின் வந்த டான் சூ ஷான், 2010-இல் டிபிஎஸ்ஸில் சேர்ந்தபோது பணக்காரர்களின் சொத்து நிர்வாகம் பார்த்தார். பிறகு சாதாரண வாடிக்கையாளர் பிரிவு, 2019-இல் நிறுவனங்களுக்கான பிரிவு, அதற்கப்புறம்தான் தலைமைப் பதவி.

நம்ம பக்கத்துப் பழக்கம் வேறு. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பேங்க்காகத் தொடங்கிய மெர்க்கன்டைல் பேங்க்கிலோ ஏதாவது அரசு பேங்க்கிலோ கிளார்க்காகச் சேர்ந்த நம் சித்தப்பா, பெரியப்பாக்கள் பரீட்சை எழுதி ஆபீசர் ஆனார்கள். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் பெட்டியைக் கட்டினார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை பேங்க்கே சொன்னது. இங்கே சொல்ல ஆள் கிடையாது. பேங்க்குக்குள்ளேயே எந்தப் பிரிவில் இடம் காலி என்று அறிவிப்பு வரும், நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும். மேலாளரிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரே நாற்காலியில் தங்கிவிட்ட நம்ம ஊர்க்காரர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரர்கள்தான்.

பதவிப் பெயரிலும் மயங்க வேண்டாம். ஊரில் வைஸ் பிரசிடென்ட் என்றால் பெண் வீட்டார் எழுந்து நிற்பார்கள். இங்கே ஒரு மாடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வி.பி. உட்கார்ந்திருப்பார். அதற்கு மேலே எஸ்.வி.பி. (சீனியர் வைஸ் பிரசிடென்ட்), ஈ.டி. (எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்), எம்.டி. (மேனேஜிங் டைரக்டர்) என்று போகும். எம்.டி.யும் ஒருவர் அல்ல, பலர்.

உச்சிக்குப் போனால் பொறுப்பும் தலையில் விழும். 2023-இல் டிபிஎஸ் சேவைகள் திரும்பத் திரும்ப முடங்கியதற்காக அந்த ஆண்டு குப்தாவின் ஊக்கத்தொகையில் 30 சதவீதம் வெட்டினார்கள்.

நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. அன்றாடப் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் ஆபரேஷன்ஸ் என்றால், அடுத்து, கொடுக்கும் கடன் திரும்பி வருமா என்று கணிக்கும் கிரெடிட் ரிஸ்க் பக்கம் முயலுங்கள். அங்கே பாலன்ஸ் ஷீட்டைப் படித்துக் கேள்வி கேட்கிற ஆள் வேண்டும், பி.காம்.காரருக்கு அது புதிய வேலை இல்லையே.