கேளுங்கோ, சொல்லுறம்

கேள்வி: மகன் பழைய 'டொக்டர் நோ' படத்தைப் போட்டுக் காட்டினான். படுத்திருக்கும் ஜேம்ஸ் பொண்டின் தோளில் புலிமுகச் சிலந்தி ஊருகிறதே, உண்மைச் சிலந்தியா?
— வாசகி, நெல்லியடி

பதில்: சிலந்தி உண்மை, தோள்தான் கொஞ்சம் பொய். பொண்டாக நடித்த ஷோன் கொனரிக்கும் சிலந்திக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, உற்றுப் பார்த்தால் சிலந்தியின் கால் தோலில் படாமல் ஊருவது பிடிபடும். சண்டைக் கலைஞர் பொப் சிமன்ஸைப் படுக்கவைத்து, அவர் மேல் நேரடியாகவே விட்டு எடுத்த துண்டுகளும் உண்டு, கும்பிடு அவருக்குத்தான் போட வேண்டும். அப்புறம், படத்துக்கு மூலமான இயன் ஃபிளெமிங்கின் 1958 நாவலில் அந்த இடத்தில் வருவது சிலந்தியே அல்ல, மட்டத்தேள். விறகு எடுக்கப் போய் மட்டத்தேளைக் கண்டு துள்ளிய எனக்கு நாவல்தான் கூடுதல் நடுக்கம்.

கேள்வி: 'டொக்டர் நோ' படத்தில் வில்லன் இருக்கும் கிராப் கீ தீவு எங்கே இருக்கிறது? போகலாமா?
— வாசகர், காரைநகர்

பதில்: குறிகட்டுவானில் எந்தப் படகு ஏறினாலும் போக முடியாது, கிராப் கீ கற்பனைத் தீவு. கடற்கரைக் காட்சி ஜமைக்காவில் ஒச்சோ ரியோஸ் பக்கம் எடுத்தது. 1962 தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்தபோது ஜமைக்கா பிரித்தானியர் கையில். ஓகஸ்ட் 6 சுதந்திரம், ஒக்டோபர் 5 லண்டனில் முதல் காட்சி. வில்லனின் மாளிகையோ இங்கிலாந்தில் பைன்வூட் ஸ்டூடியோவில் கென் அடம் போட்ட செட். மொத்தச் செலவே ஏறக்குறைய 10 இலட்சம் டொலர், கையிறுக்கம் தெரியத்தான் செய்கிறது, ஆனால் எனக்குப் பிடித்ததே அந்த இறுக்கத்தில் அவர்கள் சமாளித்த விதம்தான்: சுவரளவு மீன்தொட்டிக்கு ஏற்கனவே எடுத்து வைத்திருந்த மீன் படத்தைப் போட, சின்ன மீனெல்லாம் பூதமாய்த் தெரிந்திருக்கிறது, உடனே கண்ணாடிதான் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று வசனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதே மாளிகையில் பொண்ட் நின்று திரும்பிப் பார்க்கிற ஓவியத்தைக் கவனித்தீர்களா? கோயா வரைந்த வெலிங்டன் பிரபு. 1961இல் லண்டன் நஷனல் கலரியில் களவு போனது. களவெடுத்தது எங்கள் வில்லன்தான் என்று பகிடி விட்டிருக்கிறார்கள். அசல் 1965இல்தான் திரும்பக் கிடைத்தது.

கேள்வி: அந்தப் படத்தில் வரும் தீ கக்கும் 'டிராகன்' சிரிப்பூட்டுகிறதே?
— வாசகர், சுன்னாகம்

பதில்: பல்லுக் கீறிய சதுப்புநில வண்டி, வேறென்ன. எங்கள் சூரன்போரில் சூரன் ஒருக்கால் தலையை ஆட்டினால் அது பின்பக்கமாகவே ஓடிவிடும்.