குழாய் மூடியிருந்தும் ஆர்வி (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) தண்ணீர் பம்ப் ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது?

எந்தக் குழாயையும் திறக்காதபோதே பம்ப் அவ்வப்போது இரண்டு நொடி உறுமி நின்றால் அதுதான் 'சைக்கிளிங்'. 12 வோல்ட் பம்பிலுள்ள அழுத்த சுவிட்ச், பல மாடல்களில் அழுத்தம் 55 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) எட்டியதும் பம்பை அணைக்கும். அழுத்தம் இறங்கினால் மறுபடி போடும். பஞ்சரான டியூபுக்கு அடிக்கடி காற்றடிப்பது மாதிரிதான், எங்கோ கசிகிறது.

டாய்லெட் வால்வு, வாட்டர் ஹீட்டரின் பின்பக்க இணைப்புகள், வெளி ஷவர் எல்லாவற்றையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். டாய்லெட் கசிவு கிண்ணத்துக்குள்ளேயே போய்விடும், கவனம். எல்லாம் காய்ந்திருந்தால் சந்தேகம் பம்பின் செக் வால்வு (தண்ணீரைப் பின்னால் போகவிடாத ஒருவழி வால்வு) மேல்தான்: அது பழுதானால் தண்ணீர் மறுபடி தொட்டிக்கே திரும்பிவிடும், தரையில் ஈரமே தெரியாது. தண்ணீர் வெளிவரும் பக்கக் குழாயைக் கழற்றி, மூடி போட்டு ஓடவிடுங்கள். அப்போதும் விட்டுவிட்டு ஓடினால் கோளாறு பம்பில்.

அக்குமுலேட்டர் தொட்டி (அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சிறு தொட்டி) மாட்டினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இடைவெளியை நீட்டுமே தவிர, கசிவு அப்படியேதான் இருக்கும்.